சாவியை யாரிடம் கொடுப்பது

என்னிடம் ஒரு சிறுகதை மூன்று வருடம் முடிவில்லாமல் கிடந்தது. திருவல்லிக்கேணியில் ஓர் ஒண்டுக்குடித்தன வீடு. முன்கட்டில் தனம், பின்கட்டில் கமலா. இருவருக்கும் ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. கிணற்றடியில் ஒரு தாம்புக்கயிற்றை வைத்து ஆரம்பித்த சண்டை. ஒருத்தி தண்ணீர் இறைத்துவிட்டு உள்ளே போன பிறகுதான் இன்னொருத்தி குடத்தை எடுத்துக்கொண்டு வருவாள். அவசரமாக எதையாவது சொல்ல வேண்டியிருந்தால் குழந்தையை நடுவில் நிறுத்தி, சுவரைப் பார்த்துச் சொல்வார்கள்.

சண்டையை எழுதுவது எனக்குச் சுலபமாக வந்தது. முடிப்பதுதான் வரவில்லை. கமலாவின் குழந்தைக்கு ஜுரம் கண்டு, தனம் கஷாயத்தோடு ஓடி வருவதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. கடைசி வரை பேசாமலே இருந்து, ஒருத்தி வீட்டைக் காலி செய்துகொண்டு போவதாக இன்னொன்று எழுதினேன். உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது, கதையாக இல்லை. அமைதியான காலத்தில் ஒரு சண்டை முடிந்தாக வேண்டிய அவசியமே கிடையாது. அடுத்த பொங்கலுக்குப் பேசிக்கொள்ளலாம். பேரன் பிறந்த பிறகு பேசிக்கொள்ளலாம். பேசாமலே போய்ச் சேர்ந்தும் விடலாம். ஒத்திப்போட அவ்வளவு இடம் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் என் அத்தை 1942-ஐப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார். அத்தைக்கு அப்போது எட்டு வயது. அந்த வருடம் பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது, மார்ச்சில் ரங்கூன் போனது. ஏப்ரல் 5 அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அரசாங்கமும் நம்பியது. ஊரில் இருந்தே ஆக வேண்டிய வேலை இல்லாதவர்கள் கிளம்பலாம் என்று சொல்லிவிட்டார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்ற பயத்தில், சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அத்தைக்கு இந்தத் தேதியெல்லாம் ஞாபகம் இல்லை. அவருக்கு ஞாபகம் இருப்பது எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போக ஜட்கா கிடைக்காமல் நின்றது, ஊறுகாய் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போகலாமா கூடாதா என்று பாட்டி தவித்தது. அப்புறம் சாவி.

“தெருவுல எல்லா வீட்டுலயும் அதே பேச்சுதான். சாவியை யார்கிட்ட கொடுக்கிறது? யார் இருக்கப்போறாங்கன்னு தெரிஞ்சாத்தானே கொடுக்க முடியும்?”

அந்த ஒரு கேள்வி காதில் விழுந்ததும் மூன்று வருடமாக அசையாத கதை அசைந்தது. வீடு அதே வீடு, பெண்கள் அதே பெண்கள், ஆனால் மாதம் 1942 ஏப்ரல். தனத்தின் குடும்பம் திண்டிவனம் பக்கம் கிராமத்துக்குக் கிளம்புகிறது. கமலாவால் போக முடியாது. அவள் மாமியார் படுத்த படுக்கை, புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை. தெருவில் ஒவ்வொரு வீடாகப் பூட்டிக்கொண்டு வருகிறது. கடைசியில் சாவியைக் கொடுக்க மிச்சம் இருக்கும் ஒரே ஆள், தனம் ஆறு வருடமாக முகம் பார்க்காத கமலா. ஜட்கா வாசலில் நிற்கிறது. இனி ஒத்திப்போட முடியாது.

இரண்டு ராத்திரியில் எழுதி முடித்தேன். முடிவில் குண்டு விழுகிறது. கமலா சாகிறாள். திரும்பி வருகிற தனம் இடிந்த சுவர்களுக்கு நடுவே தன் சாவியைத் தேடுகிறாள். கண்ணீரோடு எழுதினேன், நல்ல கதை என்று நினைத்தேன்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏண்டி, குண்டு எங்க விழுந்துச்சு?” என்றார்.

விழவில்லை. அந்த ஏப்ரலில் சென்னையில் குண்டு விழவே இல்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான். எனக்கு அது தெரியாமல் இல்லை. கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன்.

“நாங்க திரும்பி வந்தோமே. எல்லாரும் இருந்தாங்களே” என்றார் அத்தை. கோபமாகச் சொல்லவில்லை. தன் தெருவில் உயிரோடு இருந்த ஒருத்தியை நான் கொன்றுவிட்ட மாதிரி முகம் வாடிப்போய்ச் சொன்னார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. போர் என்று எழுதிவிட்டால் சாவு தானாக வந்துவிடும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். கதையை முடித்தது நானா, போரா? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் முன்பே படித்திருந்த மூன்று கதைகளை மறுபடி எடுத்தேன். எழுதியவர்கள் மூவருமே தங்கள் காலத்துப் போரை எழுதியவர்கள்.

முதலாவது பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் ‘இரண்டு நண்பர்கள்’. 1883-ல் வெளிவந்தது. 1870 செப்டம்பரிலிருந்து 1871 ஜனவரி வரை, இன்றைய ஜெர்மனிப் பக்கத்துப் பிரஷ்யாவின் படைகள் பாரிஸை வளைத்துக்கொண்டு நின்ற காலம்தான் கதையின் களம். இருபது வயதில் அந்தப் போரில் சேர்ந்தவர் மாப்பசான். நகரத்துக்குள் சாப்பாடு தீர்ந்துபோய், மிருகக்காட்சிசாலை யானைகளான கஸ்தோரையும் பொலுக்ஸையும்கூட அடித்து இறைச்சிக்கடையில் விற்றார்கள். சென்னையின் சிங்கங்களைப் படித்த கையோடு அந்த யானைகளைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

கதையில் மொரிசோ ஒரு கடிகாரக்காரர். சொவாஜ் சின்னதாக ஒரு ஜவுளிச் சாமான் கடை வைத்திருப்பவர். போருக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென் நதிக்கரையில் சந்தித்து மீன் பிடிப்பார்கள். காலைத் தண்ணீருக்கு மேலே தொங்கவிட்டுக்கொண்டு, தூண்டிலோடு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சில நாள் பேசிக்கொள்ளக்கூட மாட்டார்கள். பேசாமலே ஒருவரை ஒருவர் புரிந்துகொண்ட நட்பு.

ஜனவரி மாதத்தில் ஒரு வெயில் நாள். வயிறு காய்ந்த இந்த இருவரும் தெருவில் சந்திக்கிறார்கள், வெறும் வயிற்றில் கொஞ்சம் குடிக்கிறார்கள். மீன் பிடிக்கப் போகலாமா என்கிறார் சொவாஜ். அவருக்குத் தெரிந்த ஒரு கர்னல் காவல் எல்லையில் இருக்கிறார். இவர்கள் ஆசையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே அனுமதிச் சீட்டு கொடுத்து அனுப்புகிறார். நாணலுக்குள் உட்கார்ந்து தூண்டில் போடுகிறார்கள். கெண்டை இனத்துச் சின்னச் சின்ன மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்குகின்றன. தூரத்தில் கோட்டையிலிருந்து பீரங்கி முழங்குகிறது. இவர்கள் அரசியல் பேசுகிறார்கள், அரசாங்கம் என்று ஒன்று இருக்கிற வரைக்கும் இப்படித்தான் என்று அலுத்துக்கொள்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் பின்னால் துப்பாக்கியோடு நாலு பேர்.

பிரஷ்ய அதிகாரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பீங்கான் குழாயில் புகைத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் உளவாளிகள், தூண்டில் வெறும் வேஷம் என்கிறான். வெளியே வந்தவர்களுக்கு உள்ளே திரும்பிப் போக ஒரு கடவுச்சொல் இருக்கும், அதைச் சொன்னால் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் ஐந்து நிமிடத்தில் ஆற்றுக்கடியில் இருப்பீர்கள் என்கிறான். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் போய், உன் நண்பனுக்குத் தெரியவே தெரியாது என்று ஆசை காட்டுகிறான். இருவரும் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு பேர் சுடுகிறார்கள்.

மறுபடி படித்தபோது இந்த இருவரும் போருக்கு முன்னால் ஞாயிறுதோறும் செய்ததைத்தான் அன்றும் செய்தார்கள் என்பது பட்டது. அதே நதி, அதே தூண்டில், அதே மீன். சமாதான காலத்தில் அது பொழுதுபோக்கு, போர்க்காலத்தில் உளவு. இவர்கள் செய்கை மாறவில்லை. அதற்குப் பெயர் வைக்கிற உரிமை துப்பாக்கி வைத்திருப்பவன் கைக்குப் போய்விட்டது. கடவுச்சொல் என்னவென்று கதை முழுக்க வருவதே இல்லை. கர்னல் கொடுத்ததாக வருவது அனுமதிச் சீட்டு மட்டும்தான். அவர்களுக்கு அந்தச் சொல் தெரியுமா என்பதுகூட நமக்குத் தெரியாது.

ஏன் வாய் திறக்கவில்லை? மாப்பசான் காரணம் சொல்வதில்லை. தேசபக்தி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சற்று முன்தான் எல்லா அரசாங்கங்களையும் வெறுத்துப் பேசியவர்கள் அவர்கள். தனியாக அழைத்துப் போய்க் கேட்டதும் இருவரிடமும் மிச்சம் இருந்தது ஆற்றங்கரையில் பழகிய அந்த மௌனம் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசியிலும் பேசாமல் நின்றார்கள். பேசியதெல்லாம் ‘போய் வருகிறேன் மொரிசோ’, ‘போய் வருகிறேன் சொவாஜ்’ என்று சொல்லிக் கை குலுக்கிக்கொண்டது மட்டும். மாப்பசான் அந்த மௌனத்தைக் கதையின் ஆரம்பத்திலேயே, போர் இல்லாத பகுதியிலேயே, கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நான் எழுதிய கதையாக இருந்திருந்தால் துப்பாக்கிச் சத்தத்தோடு முடிந்திருக்கும். மாப்பசான் மேலே போகிறார். உடல்களைக் கல் கட்டி ஆற்றில் போடுகிறார்கள். அதிகாரியின் கண் புல்லில் கிடக்கிற மீன் வலையில் படுகிறது. சாவதற்கு முன்னால் மொரிசோவும் அதைத்தான் பார்த்தார். வெயில் பட்டு, இன்னும் துடித்துக்கொண்டிருந்த மீன்கள் மின்னின, அவர் கண் நிறைந்தது. அதே வலையை அதிகாரி தூக்கிப் பார்க்கிறான், சமையல்காரனைக் கூப்பிடுகிறான், உயிரோடு இருக்கும்போதே வறுத்துக் கொண்டுவா, ருசியாக இருக்கும் என்கிறான். மறுபடி புகைக்க ஆரம்பிக்கிறான்.

இரண்டாவது, அயர்லாந்தின் ஃபிராங்க் ஓ'கானர் 1931-ல் வெளியிட்ட ‘தேசத்தின் விருந்தாளிகள்’. அயர்லாந்து விடுதலைப் போரின்போது பிடிபட்ட இரண்டு ஆங்கிலேயச் சிப்பாய்களை ஒரு கிழவியின் வீட்டில் காவலில் வைத்திருக்கிறார்கள். காவல் காக்கிற பையன்களும் கைதிகளும் ராத்திரியானால் சீட்டாடுகிறார்கள், சாமி உண்டா இல்லையா என்று சண்டை போடுகிறார்கள். பெல்சர் என்ற கைதி கிழவிக்கு விறகு பிளந்து கொடுக்கிறான். எங்கேயோ ஆங்கிலேயர்கள் ஐரிஷ் கைதிகளைக் கொன்றதற்குப் பதிலடியாக இவர்களைச் சுடச்சொல்லி உத்தரவு வருகிறது. சீட்டாடியவர்களே சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப் போய்ச் சுடுகிறார்கள்.

அந்த வீட்டுக்குள் யாருக்கும் யார் மேலும் பகை கிடையாது. முடிவை உண்டாக்குகிற காரணம் எதுவும் கதைக்குள் இல்லை, அது வாசலுக்கு வெளியிலிருந்து வருகிறது. பாத்திரத்தின் குணத்திலிருந்துதான் முடிவு பிறக்க வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். போர்க்களத்தில் அந்தப் பாடம் செல்லாது. எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் பெல்சர் தப்பியிருக்க மாட்டான். அவன் கையில் இருந்தது ஒன்றுதான். கண்ணைக் கட்டிக்கொள்ளத் தன் கைக்குட்டையைத் தானே எடுக்கிறான், போதவில்லை என்று இன்னொன்றைக் கேட்டு வாங்குகிறான். வாரக்கணக்கில் அதிகம் பேசாதவன், கடைசி நிமிடங்களில் தன்னை விட்டுப்போன மனைவியைப் பற்றிப் பேசுகிறான். இந்தக் கதையும் சுட்டவுடன் முடிவதில்லை. வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கிழவி மண்டியிட்டு ஜெபமாலை உருட்டுகிறாள். சொல்லிக்கொண்டிருக்கிற பையன் வெளியே வந்து நட்சத்திரங்களுக்குக் கீழே நிற்கிறான்.

மூன்றாவது நம் நாட்டுக் கதை. சந்திரதர் சர்மா குலேரி இந்தியில் எழுதிய ‘உஸ்னே கஹா தா’, அதாவது ‘அவள் சொல்லியிருந்தாள்’. 1915-ல், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ‘சரஸ்வதி’ பத்திரிகையில் வந்தது. அமிர்தசரஸ் கடைத்தெருவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எட்டு வயதுப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு நிச்சயம் ஆகிவிட்டதா என்று சீண்டுகிறான். அவள் சீ போ என்று ஓடுகிறாள். ஒருநாள் ஆகிவிட்டது என்கிறாள். அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் கழித்து அந்தப் பையன் லஹனா சிங், ஐரோப்பாவின் பதுங்குகுழியில் ஜமேதார். அவள் இப்போது அவனுடைய மேலதிகாரியான சுபேதாரின் மனைவி. போருக்குக் கிளம்புமுன் அவள் இவனை அடையாளம் கண்டு, என் புருஷனையும் ஒரே மகனையும் காப்பாற்று என்று கேட்டிருக்கிறாள். லஹனா சிங் குளிரில் தன் உடுப்பைக் கழற்றி அந்தப் பையனுக்குப் போட்டுவிடுகிறான். தனக்குப் பட்ட காயத்தை மறைத்து, அவர்கள் இருவரையும் வண்டியில் ஏற்றி அனுப்புகிறான். அவள் சொன்னதைச் செய்துவிட்டேன் என்று எழுதுங்கள் என்கிறான்.

போர் இல்லையென்றால் அந்தக் கடைத்தெருப் பேச்சு ஒரு மனிதனின் ஞாபகத்தில் எங்கேயோ கிடந்து மங்கியிருக்கும். போர் அதைக் கடனாக மாற்றுகிறது, தீர்க்கவும் வைக்கிறது. போர்க்களம் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள மட்டும்தான் செய்யும் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. கதை எப்படி முடிகிறது தெரியுமா? பத்திரிகையில் வருகிற பட்டியலில் ஒரு வரி: படைப்பிரிவின் எண், ஜமேதார் லஹனா சிங், களத்தில் காயங்களால் இறந்தார். அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் அமிர்தசரஸ் தெரியாது. நமக்கு மட்டும்தான் தெரியும்.

வறுக்கிற மீன், ஜெபமாலை, பத்திரிகை வரி. மூன்று கதையிலும் சாவுக்கு அப்புறம் ஏதோ ஒன்று நடக்கிறது. சாவைப் போர் கொடுத்துவிடுகிறது, அதை எழுத யாருக்கும் பெரிய திறமை வேண்டாம். அதற்கு அடுத்த சில வரிகளைப் போர் கொடுக்காது. எழுதுகிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தோழி ஒருத்தியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். போரைப் பற்றி நான் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் உற்சாகமாகப் பேசியிருக்க வேண்டும். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, “நீங்கள் எழுதுற கதையெல்லாம் ஷெல் விழுந்தவுடன முடிஞ்சிடுது. எங்களுக்கு ஷெல் விழுந்த பிறகும் உலை வைக்கோணும்தானே” என்றாள். அவள் அம்மா அப்படித்தான் அடுப்பு மூட்டினாராம், ஓடு உடைஞ்சு விழுந்த சமையலறையைக் கூட்டிவிட்டு. அரிசியில் கண்ணாடித்தூள் இருக்குமோ என்று பயந்து மூன்று தரம் களைந்தாராம். அந்த மூன்று தரம் என்பதை எந்தக் கற்பனையாலும் எட்டியிருக்க முடியாது.

கதையைத் திருப்பி எழுதினேன். குண்டை எடுத்துவிட்டேன். 1942-ன் சென்னையில் நடந்தது குண்டு இல்லை, காத்திருப்பு. ராத்திரி விளக்குகளை மறைத்துவிட்டு, ஆள் இல்லாத தெருவில், குழந்தையோடும் பக்கவாதம் வந்த மாமியாரோடும் கமலா மூன்று மாதம் இருக்கிறாள், முன்கட்டு வீட்டின் சாவியை வைத்துக்கொண்டு. எதிரி வரவில்லை. அவள் பயந்த எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்காக மூன்று மாதம் விழித்திருந்த ஒருத்தியின் கதை அது. அதை எழுத எனக்குக் குண்டு தேவைப்படவில்லை, ஆனால் ஏப்ரல் 1942 தேவைப்பட்டது. தனம் சாவியை நீட்டியதும், கமலா கை நீட்டி வாங்கியதும் வேறு எந்த மாதத்திலும் நடந்திருக்காது.

இந்த முறையும் அத்தையிடம்தான் முதலில் கொண்டுபோனேன். நடுவிலேயே நிறுத்தினார். “சாவியை மாடத்துல வெச்சான்னு எழுதியிருக்கே. யாரும் வைக்க மாட்டாங்க. திண்டுக்கல் பூட்டுச் சாவி, இத்தனை பெரிசு. முந்தானையில முடிஞ்சு இடுப்புல சொருகிக்குவாங்க. படுத்தாலும் எடுக்க மாட்டாங்க. குத்திக்கிட்டே இருக்கும்.”

மாற்றினேன். இப்போது கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது. ஜூலையில் ஒரு மத்தியானம் ஜட்கா வந்து நிற்கிறது. தனம் இறங்குகிறாள். கமலா முந்தானை முடிச்சை அவிழ்க்கிறாள். இறுகிப்போயிருக்கிறது, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது. சாவி இருந்த இடத்தில் புடவை நைந்து, விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. தனம் சாவியைப் பார்க்கவில்லை, அந்த ஓட்டையைப் பார்க்கிறாள். “புளி ரெண்டு வீசை எடுத்தேன்” என்கிறாள் கமலா. “இருக்கட்டும்” என்கிறாள் தனம்.

படித்து முடித்தபோது அத்தை ஒன்றும் சொல்லவில்லை. தன் முந்தானை நுனியைப் பிடித்து விரல்களுக்கு நடுவில் உருட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “எவ்வளவு புளின்னு சொன்னே?” என்று கேட்டார்.

“ரெண்டு வீசை.”

மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். மூன்று மாதம், இரண்டு பெரியவர்கள், ஒரு குழந்தை, படுக்கையில் ஒரு கிழவி.

“சரி” என்றார்.